இருபத்தேழு கிலோ பஸ்

2022 ஜூன் 16, வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு, ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கரூர் பைபாஸ் ஓரத்தில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் முற்றத்தில், கைப்பிடிக் கம்பி பொருத்தும் ஃபிட்டர் குழந்தைவேல் தரைக்கு மூன்றடி மேலே ஏறி நின்றார். அவர் காலுக்குக் கீழே எதுவும் இல்லை. ஏழு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, படி சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள், ஏனென்றால் அன்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அதைத்தான்.

“மொதப் படி நல்லாருக்குதுங்க அம்மணி. ரெண்டாவதுதான் அரை இஞ்ச் ஒசரம்” என்றார் குழந்தைவேல்.

மடியில் கணினியை வைத்திருந்த ரூபாவதி அரை அங்குலத்தைக் குறைத்தாள்.

பஸ் இன்னும் கட்டப்படவில்லை. அது கணினிக்குள் மட்டும் இருந்தது. நாற்பது பஸ் கேட்டிருந்த வெளிநாட்டு நிறுவனம், ஒரு தகட்டையும் வெட்டுவதற்கு முன்பே முழு பஸ்ஸையும் கணினியில் வரைந்து, அதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டு, கண்ணில் மாட்டும் ஒரு பெட்டியையும் விரலுக்கு விரல் ஒயர் ஓடும் ஒரு ஜோடிக் கையுறையையும் அனுப்பியிருந்தது. பெட்டியை மாட்டினால் பஸ் எதிரே நிற்கும், கையுறையை மாட்டிக் கம்பியைப் பிடித்தால் கம்பியின் உருண்டையும் குளிர்ச்சியும் வெல்டிங் பிசிறும் விரலில் தெரியும். இருபத்தேழு வயது ரூபாவதி நான்கு மாதம் உட்கார்ந்து அந்த பஸ்ஸை வரைந்தவள். கையுறையைக் குழந்தைவேலுக்குக் கொடுத்ததற்குக் காரணம், ஒரு கம்பியை ஒரு தரம் மூடிப் பிடித்தாலே ஒன்றேகால் அங்குலமா ஒன்றரையா என்று சொல்லிவிடக்கூடிய உள்ளங்கை அந்தப் பட்டறையில் அவருக்குத்தான் இருந்தது. கையுறை அவர் கையைப் படித்துக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு அது வேறு யார் கைக்கும் வேலை செய்யவில்லை.

அதுவரை அதை மாட்டியவர்கள் தரையில் நின்றுதான் காற்றைத் தடவினார்கள். அன்று குழந்தைவேல் படி என்று நினைத்துக் காலைத் தூக்கினார், படி காலைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. ஏன் நடந்தது என்று பிற்பாடு பலர் பல விதமாகச் சொன்னார்கள். இங்கே அவற்றை எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அவர் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நடந்து, ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்து எழுந்து, எந்தக் கம்பி தோளில் இடிக்கிறது, எந்த இடத்தில் முழங்கால் மடங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். பகல் ஒரு மணிக்குள் ஃபைல் போக வேண்டும். ஆயிரத்து நானூறு துண்டுகள் கொண்ட ஃபைல் கனமானது, இணையத்தில் நகராது, அதனால் அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் ரூபாவதியும் செய்தாள்: கதவைச் சாத்திய நிலையில் வைத்து, கதவு, தகடு, சீட்டு, கம்பி, கூரை எல்லாவற்றையும் ஒட்டி ஒரே உருவாக்கி அனுப்பினாள். கிடைத்தது என்று பதில் வந்ததும், அடுத்த வேலைக்காகத் திரையைக் காலி செய்ய, டெலிட்டை விட்டுவிட்டு ஹைடை அழுத்தினாள். வரைந்த எதையும் அவர்கள் அழிப்பதில்லை. மறைத்துத்தான் வைப்பார்கள், என்றைக்காவது தேவைப்படும் என்று.

குழந்தைவேல் கண்ணிலிருந்த பெட்டியைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத அந்த பஸ்ஸிலிருந்து சாப்பிடக் கீழே இறங்கலாம் என்று கையால் தடவிக் கதவைத் தேடினார். கதவு இருந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு விரலில் தட்டுப்பட்டது. இடைவெளி இல்லை, கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. சன்னல்களுக்குக் கண்ணாடி இன்னும் வரையப்படவில்லை, ஆனால் தடுப்புக் கம்பிகள் நான்கு விரல் இடைவெளியில் வரையப்பட்டிருந்தன. பின்பக்கத்துத் தகட்டில் அவசர வழி என்ற சிவப்பு ஸ்டிக்கர் வரையப்பட்டிருந்தது, வழி இல்லை. “இப்போதைக்கு ஸ்டிக்கர் போதும்மா, வழியைப் பாடி கட்டறப்பப் பாத்துக்கலாம்” என்று சொல்லியிருந்தார் முதலாளி சாமியப்பன். எல்லா பஸ்ஸிலும் அப்படித்தான் செய்துவந்தார்கள்.

ரூபாவதி ஹைடை எடுத்துப் பார்த்தாள், ஒட்டியதைப் பின்வாங்கிப் பார்த்தாள், பழைய ஃபைலைத் திறந்து அதில் கதவைத் தனியாகக் கழற்றிப் பார்த்தாள். திரையில் கதவு கழன்றது. முற்றத்தில் கழலவில்லை. ஒட்டப்பட்ட ஃபைலில் எங்கே தொட்டாலும் முழு பஸ்ஸும் ஒரே நீலமாக மாறியது, ஒரு தகட்டைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. கேஸ் கட்டிங் வேலை பார்க்கும் மயில்சாமி தீயை வைத்துப் பார்த்தார். தீ ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிற்று. கிரேன் கொண்டுவந்து சங்கிலி மாட்டி இழுத்தார்கள். பஸ் அசையவில்லை, கிரேன்தான் முன்பக்கம் தூக்கிக்கொண்டது.

பஸ்ஸின் பின்பாதி பட்டறைச் சுவரைத் தாண்டித் தெருவுக்குள் நின்றதால், இரண்டாம் நாளிலிருந்து அது தெருவின் விஷயமாயிற்று. ஒரு பால் வண்டியும் ஒரு மொபெட்டும் இடித்தபின் நான்கு தார் டிரம்மை வைத்து நடுவில் கயிறு கட்டினார்கள். காகங்கள் ஆகாயத்தில் வரிசையாக உட்காரப் பழகிக்கொண்டன. சாரல் விழுந்தபோது மழை ஒரு பஸ் வடிவத்தில் வளைந்து வழிய, அதற்கு அடியில் இருந்த செவ்வகம் மட்டும் காய்ந்து கிடந்ததைப் பார்த்துப் பூக்காரி சம்பூரணம் தன் கூடையை அங்கே மாற்றிக்கொண்டாள். பஜ்ஜிக் கடைக்காரர் கம்பிக்குள் நுழையும்படி ஒல்லியாக ஒரு பொட்டலம் கட்டினார். கம்பிப் பார்சல் என்று அதற்குப் பெயர் வந்து, உள்ளே இல்லாதவர்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள். மற்ற காரியங்களுக்கு என்ன செய்கிறார் என்று முதல் நாள் மட்டும் கேட்டார்கள். கடைசி சீட்டில் ஒரு லுங்கியைத் திரையாகக் கட்டியபின் அதையும் கேட்கவில்லை.

“ஏப்பா கொழந்த, வண்டி திண்டுக்கல் போவுமா?” என்பார் மயில்சாமி, தினமும் காலையில்.

“சில்லறை இருந்தா ஏறு. இல்லாட்டி தள்ளி நில்லு.”

“எங்க ஏர்றது, கதவையே காணமே.”

“அதத்தானப்பா நானும் தேடறேன்.”

மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் வந்தார். கையால் தடவித் தடவி நீளம், அகலம், உயரம் எடுத்து எழுதிக்கொண்டார்.

“அவசர வழி எங்கீங்க?” என்றார்.

“ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங்க” என்றார் சாமியப்பன்.

“காணோமே.”

“அதுவும் கண்ணுக்குத் தெரியாதுங்க.”

ஆய்வாளர் தகுதிச் சான்று தர இயலாது என்று எழுதி, பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் நிறுத்தியதற்கு ஒரு நோட்டீஸை ஒட்டப் பார்த்தார். நோட்டீஸ் ஒட்டவில்லை. சம்பூரணத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்.

குழந்தைவேலின் மனைவி கலாமணி, பெட்ஷீட் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். முதல் இரண்டு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து சாப்பாடு கொடுத்தாள், தோசையைச் சுருட்டிச் சுருட்டிக் கம்பிக்குள் நீட்டினாள். மூன்றாம் நாள் காலை ரூபாவதி அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். வெளிநாட்டு நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து ஃபைலைத் தினமும் புதிதாக இறக்கித்தான் அவள் திறப்பாள். என்ன உலோகம் என்று இன்னும் குறிக்காத பஸ்ஸுக்கு எடை பூஜ்யம் என்றுதான் இருக்க வேண்டும். மூன்று என்று இருந்தது.

“மூணு கிலோங்க அக்கா. நேத்து ரெண்டு இருந்துச்சு. நான் எதுவுமே போடல.”

மயில்சாமி மீன் கடையிலிருந்து கொக்கித் தராசு ஒன்றை வாங்கிவந்து கம்பிக்குள் நீட்டினார். குழந்தைவேல் அதைக் கூரைக் கம்பியில் மாட்டி, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினார். ஐம்பத்தெட்டு. போன மாதம் பட்டறையில் நடந்த மருத்துவ முகாமில் அவருக்கு அறுபத்தொன்று என்று எழுதியிருந்தார்கள்.

அதுவரை சாமியப்பன் ஒரே யோசனையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஃபைலை அழித்துவிட்டால் பஸ் போய்விடும், மூன்றடி உயரம்தானே, ஆள் குதித்துக்கொள்வான்.

“அழிச்சா அவரும் போயிருவாரா?” என்று கேட்டாள் கலாமணி.

“தெரியலீங்க அக்கா. அதுக்குள்ள அவரு மூணு கிலோ இருக்காரு. அழிச்சா அந்த மூணு எங்க போவும்னு எனக்குத் தெரியல.”

“மூணு கிலோதானம்மா” என்றார் சாமியப்பன். “ரெண்டு மாசம் நல்லாச் சாப்ட்டா வந்துரும்.”

“எம்பொண்ணு பொறக்கறப்ப மூணு கிலோதானுங்க இருந்தா” என்றாள் கலாமணி. சொல்லிவிட்டு, கணினிக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் தையல் வேலைக்குப் போகவில்லை.

நாளுக்கு ஒரு கிலோ. பஸ் ஏறியது, குழந்தைவேல் இறங்கினார். இரண்டையும் கூட்டினால் எப்போதும் அறுபத்தொன்று. டீக்கடைக்காரர் பலகையில் தினமும் எண்ணை எழுதினார், போகிறவர்கள் தங்கள் வண்டியை நிறுத்தாமலேயே எட்டிப் பார்த்து “எவ்வளவு” என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பத்து என்றபோது வெளியூரிலிருந்து கூட்டம் வந்தது. பதினைந்து என்றபோது ஒரு பாதிரியாரும் ஒரு குறிசொல்கிறவரும் ஒரே நாளில் வந்து, ஒருவருக்கொருவர் வழிவிட்டு, தத்தம் வேலையைச் செய்துவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் ஆள் வரவில்லை. ஒரே விஷயம் தினமும் ஒரே அளவில் மோசமானால் தெரு அதைப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. சாக்கடைக் குழாய் பதிக்க வந்தவர்கள் டிரம்களுக்கு வெளியே அரைவட்டமாகக் குழி தோண்டி, வளைந்து, பதித்துவிட்டுப் போனார்கள்.

முதல் வாரத்தில் சம்பூரணம் கீழேயிருந்து சத்தம் போடுவாள், “மெதுவா நடங்க, பூவெல்லாம் ஆடுது” என்று. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவள் கலாமணியிடம் வந்து, “மேல நடமாட்டமே கேக்கறதில்லீங்க, நடக்கறாருங்களா?” என்றாள். கலாமணி ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் நடந்துகொண்டுதான் இருந்தார்.

இருபத்திரண்டாம் நாள், திரையில் பின்பக்கத் தகட்டின் உள்முகத்தில் மயிர் போல ஒரு கோட்டை ரூபாவதி கண்டாள். ஒரு சாண் நீளம், அளவுகோல் வைத்த மாதிரி நேராக. அவள் வரைந்தது இல்லை. ஓடிப்போய்க் கேட்டாள்.

“நாந்தான் போட்டேன்” என்றார் குழந்தைவேல். “சும்மா இருக்க முடியலீங்க அம்மணி. இங்க வழி வெச்சா எங்க வெட்டுவேன்னு மார்க் பண்ணிப் பாத்தேன்.”

தகட்டை வெட்டுவதற்கு முன் அதில் கோடு கீறுவது ஃபிட்டர்களின் வழக்கம். கம்பிகள் வெறுங்கைக்கு ஐஸ் போலக் குளிர்ந்ததால் கையுறையை அவர் கழற்றாமலே வைத்திருந்தார். கணினியில் எந்தக் கருவிக்கும் பிடி கொடுக்காத பஸ், அந்தக் கையுறையின் ஆள்காட்டி விரலுக்குப் பிடி கொடுத்திருந்தது. கோடு ஒரு சுற்றுச் சுற்றி ஆரம்பித்த இடத்தில் வந்து முட்டினால் அதை வெட்டிவிடலாம் என்றாள் ரூபாவதி. ஆனால் நடுவில் எங்கேயும் விரல் தளரக் கூடாது. தளர்ந்தால் கோடு அறுந்துவிடும், அறுந்தது ஒட்டாது, வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குழந்தைவேல் அப்போது முப்பத்தொன்பது கிலோ. கையுறை ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால்தான் அதைத் தொடுதல் என்று எடுத்துக்கொள்ளும். முதல் நாள் இரண்டு சாண் போய் அறுந்தது. அடுத்த நாள் ஒன்றரைச் சாண். அதற்கடுத்த நாள் அவர் விரலைத் தகட்டில் வைத்துத் தன் முழு உடம்பையும் அதன் மேல் சாய்த்தபோதும் திரையில் புள்ளிகள்தான் விழுந்தன. கையுறையைக் கம்பி வழியாக வாங்கி மயில்சாமி மாட்டிப் பார்த்தார், ரூபாவதி மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. திருப்பி உள்ளே கொடுத்தார்கள்.

“விடு கலா” என்றார் குழந்தைவேல் இருபத்தாறாம் நாள் மாலை. “பொண்ணக் கூட்டியா. பாத்துக்கறேன்.”

“எதுக்கு? செத்த வீட்டுக்குக் கூட்டியார மாதிரி கூட்டியாரணுமா? அவளுக்குப் பரிச்ச இருக்குது.”

ஜூலை 12 காலை கலாமணி ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து பஸ்ஸின் பின்பக்கம் நிமிர்த்தி, மேலே ஏறி, பின்சன்னல் கம்பிக்குள் தோள் வரைக்கும் வலது கையை விட்டாள். அவள் கை, உள்ளே, சன்னலுக்குக் கீழே எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவுதான் வழியின் உயரம் என்று ஆயிற்று. அகலம், அடுத்தடுத்த கம்பிகளுக்குள் எத்தனை முறை கையை மாற்றிவிட முடிகிறதோ அவ்வளவு. குழந்தைவேல் உள்ளே மண்டியிட்டு, விரலைத் தகட்டில் வைத்தார். அவர் விரல் மேல் அவள் விரலை வைத்து அழுத்தினாள்.

“விழுகுதுங்க அக்கா” என்று கத்தினாள் ரூபாவதி, முற்றத்திலிருந்து. “விடாதீங்க.”

“நகம் ஏறுது கலா.”

“ஏறட்டும். ஓவர்லாக் ஊசி நாலு தரம் என் வெரல்ல ஏறியிருக்குது, நான் சொன்னனா?”

“சொன்னயே. ஒவ்வொரு தரமும் ஒரு வாரத்துக்குச் சொன்னயே.”

“பேசாம கையப் பாருங்க மாமா. வளையுது.”

“நான் வளைக்கல, நீ அமுக்கற அமுக்குல வளையுது. நான் மார்க் பண்ணிக் கோணினதா சரித்திரமே இல்ல.”

ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு அவள் கையை மாற்றும்போது விரல் தளரக் கூடாது என்பதால், இடது கையை அடுத்த இடைவெளியில் விட்டு முதலில் அதை வைத்து, பிறகு வலதை எடுத்தாள். பத்தே காலுக்குத் தொடங்கியது பகல் ஒன்று ஐம்பது வரை போயிற்று. கம்பி உரசி இரண்டு கையிலும் அக்குள் வரை தோல் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கம்பிகளில் அவள் ரத்தம் ஒட்டாமல் வழிந்து கீழே சம்பூரணத்தின் மல்லிகைமேல் விழுந்தது. சம்பூரணம் கூடையை நகர்த்தவில்லை, டிரம் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸைப் பார்ப்பதை விட்டிருந்த தெரு திரும்பவும் வந்து நின்றது. யாரும் எண்ணைக் கேட்கவில்லை.

கோடு கோட்டில் முட்டியது. ரூபாவதி வெட்டு என்ற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஓட்டை விழுந்தது. பஸ்ஸில் விழவில்லை.

அவள் மறுபடி அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். பிறகு, எந்த மாற்றம் செய்தாலும் உடனே வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற வழக்கத்தில், அழுதுகொண்டே அனுப்பினாள். நான்கு நிமிடம் கழித்து, கிடைத்தது என்று பதில் வந்தது. அப்போதுதான் சம்பூரணத்தின் கூடை, எதுவும் விழுவது தெரியாமலேயே, தட்டையாக நசுங்கியது; வெட்டுப்பட்ட தகடு அதன் மேல் விழுந்திருந்தது. அந்த நான்கு நிமிடத்தைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை, கணினிக்கு நேரம் பிடித்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வழி இருபத்திரண்டு அங்குல உயரம், பதினான்கு அங்குல அகலம். அறுபத்தொன்று கிலோ குழந்தைவேல் அதில் வந்திருக்க மாட்டார். தலையும் ஒரு தோளுமாக வெளியே வந்தவரை மயில்சாமி ஒரு கையில் வாங்கிக்கொண்டார். எதிரிலிருந்த நூல் கிடங்கின் தராசில் நிற்க வைத்தார்கள். முப்பத்து நான்கு. ரூபாவதி திரையைப் பார்த்தாள். இருபத்தேழு.

அந்த இருபத்தேழு திரும்பி வரவில்லை. குழந்தைவேல் மூன்று வேளையும் சாப்பிட்டார், முட்டை சாப்பிட்டார், மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்துக் குறையொன்றும் இல்லை என்றார்கள், எடை முப்பத்து நான்கைத் தாண்டவில்லை. காற்று பலமாக அடிக்கிற ஆடி மாதத்தில் அவரை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டு நிறுவனம் வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிட்டது. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது, அதைச் சுற்றி டிரம்களும் நின்றன. சாமியப்பன் அந்தக் கணினியைக் கலாமணிக்குக் கொடுத்தார், கொடுக்காவிட்டால் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பதால். அவள் அதை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அணைக்காமல் ஓடவிட்டாள். யாராவது எதையாவது மாற்றிவிடுவார்கள் என்று இணையத்தைப் பிடுங்கிவிட்டாள். மின்சாரம் போகிற மாதாந்திரப் பராமரிப்பு நாட்களில் இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். விருந்துக்கு வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் யாருக்கும் அந்த அறைக்குள் போக அனுமதியில்லை. இருபத்தேழு என்ற எண் ஒரு நாளும் மாறவில்லை, அது மாறாதவரை பயமில்லை என்று அவள் சொன்னாள்.

ஓசூருக்கு வேலை மாறிப் போவதற்கு முன் ரூபாவதி வந்து பார்த்தாள்.

“அந்த வெளிநாட்டுக் கம்பெனிகிட்டயும் ஒண்ணு இருக்குதில்ல அம்மணி?” என்று கேட்டாள் கலாமணி.

“அது நகலுங்க அக்கா. ஒரிஜினல் இதுதான்.”

அந்தத் தொழிலில் ஒவ்வொருவரும் தன் கணினியில் இருப்பதுதான் அசல் என்று நம்புவார்கள்.

முடிந்துபோன வேலைகளின் ஃபைல்களை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை என்பது அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் விதி. வேண்டுமானால் தெரிவிக்கவும் என்று மூன்று மின்னஞ்சல்களை அது ரூபாவதியின் பழைய பட்டறை முகவரிக்கு அனுப்பியிருந்தது. மூன்றாவதில் ஃபைலை அழிக்கும் தேதியும் நேரமும் இருந்தன. அந்த முகவரியைத் திறக்க ஆள் இல்லை.

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு இருபதுக்கு, நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஓட்டுநரின் கவனக்குறைவால் டிரம்களைத் தள்ளிக்கொண்டு பஸ் நின்ற இடத்துக்குள் புகுந்து, எதிலும் இடிக்காமல் மறுபக்கம் போயிற்று. அதே இரண்டு இருபதுக்குக் குழந்தைவேல் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இறந்தார். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. கணினியில் எடை இருபத்தேழு என்று இருந்தது.